எந்த வடக்கு? கர்நாடகத்தின் புறக்கணிப்புக் கணக்கு

குளிர்காலத்தில் பெலகாவியின் சுவர்ண விதான சௌதாவில் கர்நாடகச் சட்டமன்றம் கூடும்போதெல்லாம் ‘வட கர்நாடகப் பிரச்சினை’ பற்றி ஒரு விவாதம் நடக்கும். ‘மாநிலம் அமைந்த 1956இலிருந்து எங்களை ஏமாற்றுகிறார்கள்’ என்று ஒரு பக்கம் எழும். ‘நஞ்சுண்டப்பா அறிக்கைப்படி நிதி கொடுத்தோம், 371ஜே கொடுத்தோம், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கட்டடமே உங்களுக்காக 2012இல் திறந்ததுதானே’ என்று மறுபக்கம் பதில் வரும். (நஞ்சுண்டப்பா அறிக்கை 2002இல் பின்தங்கிய தாலுகாக்களை அளந்தது; 371ஜே என்பது பழைய ஐதராபாத் பகுதிக்குச் சிறப்பு ஏற்பாடு தரும் அரசியல் சட்டப் பிரிவு.) இரண்டு பேச்சிலும் பொய் அதிகமில்லை. ஆனால் முதலாமவர் கேட்ட கேள்விக்கு இரண்டாமவர் சொன்னது பதிலே கிடையாது. அதனால்தான் அடுத்த டிசம்பரிலும் அதே விவாதம் அதே சொற்களோடு வருகிறது.

‘புறக்கணிப்பு’ என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்து தனித்தனிக் குற்றச்சாட்டுகள் ஒளிந்திருக்கின்றன. தொடங்கும்போதே பின்னால் நின்றோம் என்பது ஒன்று. எங்களுக்குப் பங்கு ஒதுக்கவில்லை என்பது இன்னொன்று. ஒதுக்கியதை விடுவிக்கவில்லை, செலவழிக்கவில்லை என்பது மூன்றாவது. செலவாகியும் பலன் வரவில்லை என்பது நான்காவது. தெரிந்தே செய்தார்கள் என்பது ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் வேறு சான்று வேண்டும். எழுத்தறிவு விகிதத்தைக் காட்டி ஒதுக்கீட்டில் ஓரவஞ்சனை என்று நிறுவ முடியாது; ஒதுக்கீட்டுத் தொகையைக் காட்டி ‘பார், புறக்கணிக்கவில்லை’ என்று வாயை அடைக்கவும் முடியாது. ஐந்தாவதை மேடையில்தான் நிரூபிக்க முடியும், தாளில் முடியாது. ஆகவே முதல் நான்கோடு நிற்பது நல்லது.

தொடக்கக் கோட்டிலிருந்து ஆரம்பிப்போம். 1956 நவம்பர் 1 அன்று ஒன்றாகச் சேர்ந்தவை ஐந்து வெவ்வேறு நிர்வாகங்களின் துண்டுகள். பழைய மைசூர் சமஸ்தானம், பம்பாய் மாகாணத்தின் பெல்காம், பீஜப்பூர், தார்வாட், வட கனரா, நிஜாமின் ஐதராபாத்திலிருந்து குல்பர்கா (இன்றைய கலபுரகி), ராய்ச்சூர், பீதர், சென்னையிலிருந்து தென் கனரா, அதோடு குடகு. (நம் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த கொள்ளேகாலமும் அப்போதுதான் அங்கே போனது.) மைசூரில் 1902இலேயே சிவசமுத்திரத்தில் நீர்மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். 1905இல் பெங்களூருத் தெருவில் மின்விளக்கு எரிந்தது. 1916இல் மைசூருக்குப் பல்கலைக்கழகம் வந்தது. குல்பர்காவுக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் கிடைத்தது 1980இல். 64 வருட வித்தியாசம். இதில் முதல் 40 வருடத்துக்கு நிஜாம் காலத்து நிர்வாகமும் சரித்திரமும் பொறுப்பு. மீதி 24 வருடத்துக்குப் பெங்களூரு விதான சௌதாதான் பதில் சொல்ல வேண்டும். இப்படிப் பிரித்துப் பேசினால் கோபம் குறையும், கணக்கு கூடும். பெரும்பாலான பேச்சாளர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆளுங்கட்சித் தலையில் வைத்துவிடுகிறார்கள்.

இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எச்ஏஎல் (விமானம்) 1940இல், ஐடிஐ (தொலைபேசிக் கருவி) 1948இல், எச்எம்டி (இயந்திரக் கருவி) 1953இல், பிஇஎல் (மின்னணுக் கருவி) 1954இல் என்று வரிசையாகப் பெரிய தொழிற்சாலைகள் வந்திறங்கியது பெங்களூருவில். இவற்றில் எச்ஏஎல் போர்க்காலத்துப் பிறவி. மற்றவை டெல்லி எடுத்த முடிவுகள். ரயிலும் அப்படித்தான். பீதர்–கலபுரகி பாதை ஏறத்தாழ 110 கிலோமீட்டர். 1990களின் கடைசியில் ஒப்புதல் கிடைத்து 2017 அக்டோபரில்தான் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. வருடத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர். இந்தத் தாமதத்தை மாநில அரசின் வடக்கு–தெற்குப் பாகுபாட்டில் சேர்த்தால், உண்மையான பாகுபாடு கண்ணில் படாமல் போகும்.

114இல் எத்தனை எங்கே?

2000த்தில் எஸ்.எம். கிருஷ்ணா அரசு பொருளியலாளர் டி.எம். நஞ்சுண்டப்பா தலைமையில் உயர்நிலைக் குழு போட்டது. 2002 ஜூனில் அறிக்கை வந்தது. இந்தியாவில் ஒரு மாநிலத்துக்குள் ஏற்றத்தாழ்வை அளக்கச் செய்த முயற்சிகளில் இவ்வளவு கீழே, தாலுகா மட்டம் வரை இறங்கியவை குறைவு. வேளாண்மை, தொழில்–வர்த்தகம்–வங்கி, சாலை–மின்சாரம், பள்ளி–மருத்துவமனை, மக்கள்தொகை என்று 35 குறியீடுகள். ஒவ்வொன்றிலும் தாலுகாவின் அளவை மாநில சராசரியால் வகுத்து, அதற்கு ஒரு எடை கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினார்கள். 1 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒப்பீட்டளவில் வளர்ந்த தாலுகா. 0.89 முதல் 0.99 வரை பின்தங்கியது, 0.80 முதல் 0.88 வரை மிகப் பின்தங்கியது, 0.79 அல்லது அதற்குக் கீழே போனால் மிக மிகப் பின்தங்கியது.

அன்றிருந்த 175 தாலுகாக்களில் 114 பின்தங்கியவை என்று வந்தது. வடக்கில் 59, தெற்கில் 55. மேடைப் பேச்சில் அடிக்கடி வருவது 114 மட்டும்தான். 55 என்ற எண் வருவதே இல்லை. வடக்கின் 80 தாலுகாக்களில் 59 என்றால் 74 சதவீதம். தெற்கின் 95இல் 55 என்றால் 58 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் இல்லை.

வடக்கு–தெற்கு என்ற கோட்டை அழித்துவிட்டு நான்கு வருவாய்க் கோட்டங்களாகப் பிரித்தால்தான் படம் தெளிகிறது. அன்று குல்பர்கா என்று அழைத்த கலபுரகிக் கோட்டத்தில் 31 தாலுகாக்கள். அவற்றில் 28 பின்தங்கியவை. பெலகாவிக் கோட்டத்தில் 49க்கு 31. பெங்களூருக் கோட்டத்தில் 51க்கு 33. மைசூருக் கோட்டத்தில் 44க்கு 22. சதவீதமாக்கினால் 90, 63, 65, 50. பெலகாவியும் பெங்களூருவும் ஒரே தட்டில் நிற்கின்றன. கடைசி வகையை, அதாவது மிக மிகப் பின்தங்கிய 39 தாலுகாக்களை மட்டும் எடுங்கள்: கலபுரகியில் 21, பெங்களூருக் கோட்டத்தில் 11, பெலகாவியில் 5, மைசூரில் 2. தலைநகரம் இருக்கும் கோட்டத்தில் பெலகாவிக் கோட்டத்தைவிட இரு மடங்கு அடிமட்டத் தாலுகாக்கள்!

2011 கணக்கெடுப்பின் எழுத்தறிவும் இதையே சொல்கிறது. மாநில சராசரி 75.36 சதவீதம். யாதகிரி 51.83, ராய்ச்சூர் 59.56. இரண்டும் கலபுரகிக் கோட்டம். நிதி ஆயோக் 2018இல் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பட்டியல் போட்டபோது கர்நாடகத்திலிருந்து எடுத்ததும் இந்த இரண்டைத்தான். ஆனால் தெற்கே நம் எல்லையை ஒட்டிய சாமராஜநகர் 61.43, கலபுரகி மாவட்டத்தின் 64.85ஐவிடக் குறைவு. வடக்கின் தார்வாட் 80.00, ஹாவேரி 77.40. தெற்கின் மண்டியா 70.40, பெங்களூருவின் வாசலிலேயே இருக்கும் ராமநகரம் 69.22. ‘வட கர்நாடகம் புறக்கணிக்கப்பட்டது’ என்ற வாக்கியத்தில் தார்வாட் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, சாமராஜநகர் வெளியே நிற்கிறது. என் கணிப்பில் இந்த விவாதம் இருபது வருடமாக நகராமல் நிற்க முதல் காரணம் இந்தத் தவறான வரைபடம்தான். பேசுவது பெரும்பாலும் தார்வாட், பெலகாவி; புள்ளிவிவரம் கொடுப்பது யாதகிரி.

இந்தக் குறியீட்டிலும் ஒரு பொறி உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் ‘2002இல் 114, இன்றைக்கும் அதே கதை’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். இது மாநில சராசரியோடு ஒப்பிடும் அளவு. சராசரி என்று ஒன்று இருக்கும்வரை அதற்குக் கீழே சில தாலுகாக்கள் இருந்தே தீரும். பூஜ்யத்துக்கு வரவே வராது. பெங்களூரு போன்ற ஒரு ராட்சசன் உள்ளே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கணக்குக்காக ஒரு தாலுகாவின் தலா வருமானம் 20,000 ரூபாய், மாநில சராசரி 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 0.5. சில வருடங்களில் தாலுகா 60,000க்கு வருகிறது, மூன்று மடங்கு. ஆனால் பெங்களூருவின் மென்பொருள் சம்பளம் சராசரியை 1,50,000க்கு இழுத்துவிட்டது. விகிதம் 0.4. ஊர் மூன்று மடங்கு வளர்ந்தது, குறியீடு ‘இன்னும் பின்தங்கிவிட்டாய்’ என்கிறது. எனவே பழைய குறியீட்டையும் புதியதையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஒன்று, 2002இன் மாநில சராசரியையே அசையாத அளவுகோலாக வைத்துக்கொண்டு இன்றைய தாலுகாவை அளக்க வேண்டும்; அல்லது பெங்களூரு நகர மாவட்டத்தை நீக்கிவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். இரண்டையும் போட்டு, இரண்டிலும் ஒரே தாலுகா கீழே வந்தால் அந்த முடிவை நம்பலாம்.

தாலுகா எல்லையும் கையில் நிற்காது. 2017–18 வாக்கில் 50 அளவில் புதிய தாலுகாக்கள் அறிவிக்கப்பட்டன. ஒரு பழைய தாலுகா இரண்டாக உடையும்போது நகரம் ஒன்றில் போகும், வறண்ட கிராமங்கள் இன்னொன்றில் போகும். ‘புதிதாக ஒரு தாலுகா பின்தங்கிவிட்டது’ என்று செய்தி வரும். யாரும் பின்தங்கியிருக்க மாட்டார்கள். ஒப்பிடுவதற்கு முன் புதிய தாலுகாக்களைப் பழைய 175க்குள் மீண்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் அதைச் செய்யாத அட்டவணையை நம்புவதற்கில்லை.

பணம் எங்கே போனது?

நஞ்சுண்டப்பா குழு எட்டு வருடத்துக்கு 31,000 கோடி கேட்டது. அதில் 15,000 கோடி வழக்கமான திட்டங்கள் வழியாக, 16,000 கோடி அதற்கு மேல் கூடுதலாக. ‘கூடுதலாக’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் மொத்த அறிக்கையும் தொங்குகிறது. 2007–08இல் சிறப்பு வளர்ச்சித் திட்டம் என்று செயலுக்கு வந்தபோது முதலில் கரைந்ததும் அதுதான். துறைகள் தாங்கள் எப்படியும் செய்யவிருந்த வேலையை எடுத்துச் சிறப்புத் திட்டத்தின் கணக்கில் ஒட்டிவிட்டால் போதும். காகிதத்தில் இலக்கு நிறைவேறிவிடும், ஊரில் ஒரு செங்கல் கூடாது.

371ஜே விஷயத்திலும் அதே ஆபத்து. அரசியல் சட்டத்தின் 98ஆவது திருத்தத்தின் மூலம் 2012இல் நிறைவேறி, 2013இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைய கணக்கில் பீதர், கலபுரகி, யாதகிரி, ராய்ச்சூர், கொப்பள், பெல்லாரி என்று ஆறு மாவட்டங்கள். (2021இல் பெல்லாரியிலிருந்து விஜயநகரம் பிரிந்ததால் இப்போது ஏழு. பெல்லாரி ஐதராபாத்திலிருந்து வந்த ஊரல்ல, 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆனாலும் ‘ஐதராபாத் கர்நாடகம்’ என்ற பெயருக்குள் அடங்கிவிட்டது. 2019இல் அந்தப் பெயரையே ‘கல்யாண கர்நாடகம்’ என்று மாற்றினார்கள்.) இந்த மாவட்டங்களுக்கான கல்யாண கர்நாடக வட்டார வளர்ச்சி வாரியத்துக்கு 2023–24இல் 5,000 கோடி அறிவிக்கப்பட்டது. கேட்க மலைப்பாக இருக்கும். வகுத்துப் பாருங்கள். 2011இல் அந்த ஆறு மாவட்டங்களின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.12 கோடி, மாநிலத்தில் 18 சதவீதம். தலைக்கு 4,460 ரூபாய். அந்த வருட மாநில பட்ஜெட் சுமார் 3.27 லட்சம் கோடி. அதில் இந்த 5,000 கோடி 1.5 சதவீதம்.

பட்ஜெட் முழுவதையும் தலைக்கணக்கில் பிரிக்க முடியாதுதான். வட்டி, ஓய்வூதியம், தலைமைச் செயலகம் இவற்றுக்கு மாவட்டம் கிடையாது. ஆனாலும் அளவு புரிய வேண்டுமானால் 18 சதவீதம் என்பது கிட்டத்தட்ட 60,000 கோடி. வழக்கமான துறைச் செலவில் அங்கே போக வேண்டியதில் எட்டு சதவீதம் குறைந்தாலே சிறப்பு நிதி முழுக்கக் காணாமல் போய்விடும். எல்லோரும் 5,000 கோடியைச் சுற்றி நின்று சண்டை போடுகிறார்கள். விவகாரம் மற்ற 98.5 சதவீதத்தில் இருக்கிறது.

இதைச் சோதிக்க விரும்புகிறவர் எடுக்க வேண்டிய தாள்கள் உண்டு. பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு என்று மூன்று எண்கள் இருக்கும். கணக்கு என்பதே உண்மையில் செலவானது. அது இரண்டு வருடம் பின்தங்கித்தான் அச்சாகும். 2023–24இல் என்ன செலவானது என்பதை 2025–26 புத்தகத்தில்தான் பார்க்க முடியும். மதிப்பீட்டை மட்டும் வைத்து அரசு பேசும், எதிர்க்கட்சியும் பேசும். மாவட்டத் துறை ஒதுக்கீடுகளுக்கு ‘லிங்க் டாகுமெண்ட்’ என்று தனி இணைப்புப் புத்தகம் வருகிறது; ஜில்லா பஞ்சாயத்து, தாலுகா பஞ்சாயத்து வாரியாக எண்கள் அதில் கிடைக்கும். பள்ளிக் கல்வி, ஆரம்ப சுகாதாரம், குடிநீர் என்று மூன்று தலைப்புகளை மட்டும் எடுத்து, 371ஜேக்கு முந்தைய ஐந்து வருடம், பிந்தைய ஐந்து வருடம், தலைக்கு எவ்வளவு என்று போட்டு, பக்கத்தில் மைசூருக் கோட்டத்தையும் வைத்தால் போதும். வாரியப் பணம் வந்த பிறகு துறைப் பணம் சுருங்கியதா என்பது தெரிந்துவிடும்.

கருவூலக் கணக்கில் ஒரு வழுக்கல் இருக்கிறது, எச்சரிக்கை. பில் எந்தக் கருவூலத்தில் பாஸாகிறதோ அந்த மாவட்டத்தில்தான் செலவு பதிவாகும். மருந்து, பாடநூல், பேருந்து என்று தலைமை அலுவலகம் மொத்தமாக வாங்கும் பொருளெல்லாம் பெங்களூருச் செலவாகத் தெரியும். பயன்படுவது பீதரில் இருக்கலாம். இதைக் கழிக்காமல் ‘செலவில் பாதி பெங்களூருவுக்கே’ என்று சொல்வது தப்பு.

அதே தப்பைத் தலைகீழாகப் பெங்களூருக்காரர்களும் செய்கிறார்கள்: ‘வரி முழுக்க நாங்கள் கட்டுகிறோம், அவர்கள் சாப்பிடுகிறார்கள்’ என்று. ஒரு நிறுவனம் ஒரு மாநிலத்துக்குள் பல ஊர்களில் ஆலை வைத்திருந்தாலும் ஜிஎஸ்டிக்கு ஒரே பதிவு போதும். முதன்மை முகவரி பெங்களூரு அலுவலகமாக இருந்தால் வரி அங்கே பதிவாகும். சேடம், சித்தாபூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிச் செய்யும் சிமெண்டின் வரி எந்த மாவட்டத்தின் பெயரில் விழும் என்பது ஆலை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. ராய்ச்சூர் அனல்மின் நிலையம் 1,720 மெகாவாட். அதன் சாம்பல் சக்திநகரில் கொட்டுகிறது. அந்த மின்சாரத்தில் ஓடும் கணினியின் வருமானம் பெங்களூருக் கணக்கு.

மாவட்ட வருமானப் புள்ளிவிவரத்திலும் இந்த முகவரிக் குழப்பம் உண்டு. அது ஓரிடத்தில் உற்பத்தியான மதிப்பை அளக்கிறது. அங்குள்ளவர் கைக்கு வந்ததை அளப்பதில்லை. சண்டூரின் இரும்புத்தாதும் தோரணகல்லின் எஃகும் பெல்லாரி மாவட்டத்தின் எண்ணை உயர்த்திக் காட்டும். லாபம் வேறு ஊருக்குப் போயிருக்கும். அதனால் தலா வருமானத்தைத் தனியாக நிறுத்தாமல் பக்கத்திலேயே எழுத்தறிவு, குழந்தை எடை, வீட்டுக்குள் குழாய்நீர் என்று கையால் தொடக்கூடிய இரண்டு மூன்றை வைக்க வேண்டும். வங்கிக் கடனிலும் ரிசர்வ் வங்கி ‘அனுமதித்த இடம்’, ‘பயன்படுத்திய இடம்’ என்று இரண்டு பட்டியல் தருகிறது. எடுக்க வேண்டியது இரண்டாவது.

மகாராஷ்டிரம் வேறு வழியில் போய் வேறு குழியில் விழுந்தது. வி.எம். தாண்டேகர் குழு 1984இல் ஒவ்வொரு துறையிலும் மாநில சராசரிக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அதை நிரப்ப ஆகும் செலவை ரூபாயில் ‘நிலுவை’ என்று எழுதியது: மொத்தம் 3,186.78 கோடி, அதில் மாநிலத்தின் கிழக்குப் பகுதியான விதர்பாவுக்கு 1,246.55 கோடி. கடன் பாக்கி மாதிரி ஓர் எண் கிடைத்ததும் அரசியலுக்கு வசதியாகிவிட்டது. ஆனால் விலைவாசி ஏறினால் நிலுவையும் ஏறும். மற்ற பகுதிகள் வளர்ந்தால் சராசரியும் ஏறும். பின்னால் வந்த குழு மறுபடி போட்டபோது அது 14,000 கோடியைத் தாண்டியிருந்தது. நடுவில் அணையும் கால்வாயும் நின்றுபோய்க் கிடந்தன. 1988இல் 372 கோடி மதிப்பில் அடிக்கல் நாட்டிய கோசிகுர்த் அணையின் கதை விதர்பாவில் குழந்தைக்கும் தெரியும். ரூபாயில் எழுதிய நிலுவையை ரூபாயாலேயே அடைத்துவிடலாம். ஹெக்டேரில், கிலோமீட்டரில், நிரம்பிய பணியிடத்தில் எழுதியிருந்தால் அப்படிக் கணக்கை மூட முடியாது.

தலைமடை, கடைமடை

பணியிடம் என்றதும் 371ஜேக்கு வர வேண்டும். அந்தப் பகுதி அரசு வேலைகளில் ஏ, பி பிரிவுகளில் 75 சதவீதம், சி பிரிவில் 80, டி பிரிவில் 85 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு. கல்லூரி இடங்களில் 70 சதவீதம், மாநிலத்தின் மற்ற இடங்களில் 8 சதவீதம். நல்ல ஏற்பாடு. ஆனால் நிரப்பாத பணியிடத்தில் 75 சதவீதமும் பூஜ்யம்தான். வெளியிலிருந்து வரும் அதிகாரி சேர்ந்த நாளிலிருந்து மாற்றல் மனுவோடு திரிவதும், ஒருவரே இரண்டு மூன்று பொறுப்புகளைச் சேர்த்துப் பார்ப்பதும் வழக்கம். அதன் விளைவு நேரே பணத்தில் தெரியும்: மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, வேலையை அளந்து பில் எழுத வேண்டிய உதவிப் பொறியாளர் இல்லையென்றால், வாரியத்தின் பணம் மார்ச் மாதம் அப்படியே கிடக்கும். ‘கொடுத்தோம், செலவழிக்கத் தெரியவில்லை’ என்று பெங்களூரு சொல்லும். செலவழிக்கிற கையைக் கொடுக்காதது யார் என்று யாரும் கேட்பதில்லை. இந்த விவாதத்தில் யாராவது ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்கலாம் என்றால், கோட்டவாரியாக அனுமதித்த பணியிடம் எத்தனை, ஆள் இருப்பது எத்தனை என்பதைத்தான் கேட்க வேண்டும். முக்கியமாகப் பொறியாளர், மருத்துவர், உயர்நிலைப் பள்ளியின் கணித, அறிவியல் ஆசிரியர்.

தண்ணீருக்கு வந்தால் வடக்கு–தெற்கு என்ற கதை முழுக்க உடைந்துவிடுகிறது. துங்கபத்திரா இடதுகரைக் கால்வாய் 227 கிலோமீட்டர். கொப்பள் மாவட்டத்தில் தொடங்கி ராய்ச்சூருக்குப் போகிறது. கொஞ்சம் தண்ணீரை நிறைய நிலத்துக்குப் பரப்பி, சோளம், பருத்தி, கடலை போன்ற குறைநீர்ப் பயிர்களைக் காப்பாற்றுவதுதான் அதன் வடிவமைப்பு. நடந்தது வேறு. தலைமடையில் கங்காவதி, சிந்தனூர்ப் பக்கம் நெல் வயலாகிவிட்டது. சோனா மசூரி அரிசிக்குப் பேர்போன ஊர்களாகிவிட்டன. கடைமடையில் மான்வி, ராய்ச்சூர் தாலுகாக்கள் தண்ணீர் வரும் வரும் என்று மதகைப் பார்த்து நிற்கின்றன. காவிரியின் கடைமடை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்கு மேல் வண்டல். 133 டிஎம்சி பிடித்த அணை இன்று 105 அளவில்தான் பிடிக்கிறது. ஆக அணை கட்டியாயிற்று, கால்வாய் வெட்டியாயிற்று, ஒதுக்கீடும் செலவும் ஆயிற்று; மான்விக்காரர் சொல்லும் புறக்கணிப்பு உண்மை. ஆனால் அவர் பங்கை எடுத்துக்கொண்டவர் மைசூர்க்காரர் அல்ல, அதே கலபுரகிக் கோட்டத்துத் தலைமடை விவசாயி. இதற்கு மருந்து பெங்களூருவில் புது நிதி கேட்பதல்ல. கிளைக் கால்வாய்தோறும் அளவி வைத்து முறைநீர் விடுவது. தலைமடையில் ஓட்டு இருப்பதால் எந்தக் கட்சியும் அதைத் தொடாது.

மேல் கிருஷ்ணா திட்டத்திலும் இப்படித்தான். 1964இல் லால் பகதூர் சாஸ்திரி அடிக்கல் வைத்த ஆலமட்டி அணை 519.60 மீட்டரில் நிற்கிறது. 2010இல் கிருஷ்ணா நதிநீர் நடுவர் மன்றம் 524.256 மீட்டருக்கு ஒப்புக்கொண்டது. மற்ற மாநிலங்களின் வழக்கால் தீர்ப்பு அரசிதழ் ஏறாமல் கிடக்கிறது. அணையின் மட்டம் ஏறினால் மூழ்கப்போவது பாகல்கோட், விஜயபுராவின் நிலம். நீர் பெறும் பகுதியில் யாதகிரி, கலபுரகி, ராய்ச்சூரும் இருக்கின்றன. இழப்பவரும் பெறுபவரும் வடக்குக்குள்ளேயே இருக்கிறார்கள்.

இதே அளவுகோலை நம் ‘தென் மாவட்டப் புறக்கணிப்பு’ப் பேச்சின் மேல் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு வரி. தமிழ்நாட்டின் 2017 மனித மேம்பாட்டு அறிக்கையில் முதல் மூன்று இடம் கன்னியாகுமரி, விருதுநகர், தூத்துக்குடி. கடைசி இரண்டு இடம் அரியலூர், பெரம்பலூர். திருநெல்வேலிக்காரர் கேட்பது படித்த பிள்ளைக்கு உள்ளூரில் வேலை. அரியலூர்க்காரருக்கு அதற்கு முந்தைய படியே நிறையவில்லை. இரண்டும் நியாயமான புகார்தான். ஒரே பெயரில் கூப்பிட்டால் இரண்டுக்கும் ஒரே மருந்து எழுதிவிடுவார்கள்.

கடைசியாக, தனி மாநிலக் கோரிக்கை. 2018இல் அன்றைய முதல்வர் எச்.டி. குமாரசாமியின் பட்ஜெட் பழைய மைசூர் பக்கம் சாய்ந்தது என்று கிளம்பிய கோபத்தில் ஆகஸ்ட் 2 அன்று வட கர்நாடக பந்துக்கு அழைப்பு வந்தது. அமைச்சராக இருந்த உமேஷ் கட்டி தன் காலம் முழுக்கத் தனி மாநிலம் பற்றிப் பேசினார். அவர் பெலகாவி மாவட்டத்துக்காரர். வடக்கு தனியாகப் பிரிந்தால் தலைநகரம் எது என்று ஹுப்பள்ளி–தார்வாடில் கேட்டால் ஹுப்பள்ளி–தார்வாட் என்பார்கள், பெலகாவியில் கேட்டால் சௌதா தயாராகவே இருக்கிறது என்பார்கள். 31க்கு 28 தாலுகா பின்தங்கிய கலபுரகியின் பெயர் அந்தப் பேச்சில் வருவதற்குள் தேநீர் ஆறிவிடும்.